அவள் கையெழுத்து இல்லாத ஒப்பந்தங்கள்

1794ஆம் ஆண்டு வாலன்டைன் கொனாலி என்ற மருத்துவர் சென்னைப் புரசைவாக்கத்தில் மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்க ஒரு வீட்டைக் கட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் 145 நோயாளிகளோடு திறக்கப்பட்ட மருத்துவமனைக்கு, இன்று நாம் மனநலக் காப்பகம் என்று அழைக்கும் அந்த வளாகத்துக்கு, மூதாதை இந்த வீடுதான். சென்னை மாகாணத்தில் மனநல மருத்துவத்தின் வரலாறு ஒரு குத்தகைப் பத்திரத்தில் தொடங்குகிறது. கட்டடம் ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பத்திரத்தில் எந்த இடமும் இல்லை.

இன்று அந்தக் குத்தகைப் பத்திரத்துக்குப் புதிய பெயர் வந்துவிட்டது: புரிந்துணர்வு ஒப்பந்தம். அரசுக்கும் தொண்டு நிறுவனத்துக்கும், கல்லூரிக்கும் ஆலோசனை மையத்துக்கும், வழிபாட்டுத் தலத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் இடையே மனநலத்துக்காகப் பல ஒப்பந்தங்கள் போடப்படுகின்றன. அவை தேவையில்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், பெண்ணின் மனம் கலங்கும்போது யார் யாரோடு என்ன ஒத்துக்கொள்கிறார்கள், அதில் அவள் எங்கே நிற்கிறாள் என்ற கேள்வியோடு இந்த வரலாற்றைப் புதுக்கோட்டையிலிருந்து படித்துப் பார்க்க விரும்புகிறேன்.

மனு போடுகிறவர்

1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் நடப்பில் இருந்தது. ஒருவரைக் காப்பகத்தில் சேர்க்க நீதிபதியிடம் மனு கொடுக்க வேண்டும்; இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள் இணைக்க வேண்டும். மனுவைக் கூடுமானவரை கணவனோ மனைவியோ கொடுக்க வேண்டும், அவர்கள் இல்லையென்றால் நெருங்கிய உறவினர் கொடுக்கலாம் என்றது சட்டம். கணவன், மனைவி என்ற இரண்டு சொற்களும் சம உரிமையோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் நம் வீடுகளில் எந்த மனைவி தன் கணவனைப் பற்றி நீதிமன்றத்தில் மனுப்போடும் நிலையில் இருந்தாள்? வழக்கறிஞருக்குப் பணம், வெளியூர்ப் பயணம், படிப்பு, உறவுக்காரர்களின் சம்மதம் என்று எல்லாமே ஆண் பக்கம் இருந்தன. சட்டத்தின் சமமான சொற்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன.

1987இல் வந்த மனநலச் சட்டம் 1993 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ‘பைத்தியம்’ என்ற சொல் சட்டத்திலிருந்து போனது. மனுப்போடும் உறவினர் போகவில்லை.

எழுதாத ஒப்பந்தங்கள்

சட்டம் எட்டாத கிராமங்களில் எழுதாத ஒப்பந்தங்கள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பது. பெண்ணுக்கு வரும் பயம், தூக்கமின்மை, காதில் கேட்கும் குரல் எல்லாவற்றுக்கும் தாலியே மருந்தாக எழுதப்படுகிறது. நோயை மறைத்துத்தான் பேச்சு முடிப்பார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் மணமேடையில் உட்கார வைப்பார்கள். சில மாதங்களில் நோய் திரும்பும். அப்போது இரண்டாவது ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்: “உங்க பொண்ணை நீங்களே வச்சுக்கங்க.”

எங்கள் ஊர்ப் பக்கம் பெரியம்மா முறையில் ஒருவர் இருந்தார். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்தில் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். பிள்ளை அங்கேயே தங்கிவிட்டது. பஞ்சாயத்து இல்லை, விவாகரத்து இல்லை, ஜீவனாம்சம் இல்லை. இறக்கும்வரை தாலியைக் கழற்றவில்லை. அவரைப் பற்றிக் கேட்டால் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: “அதுக்குக் காத்து பட்டுருச்சு.” பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் என்று ஒன்று உண்டு என்பதையும், அது சிகிச்சையால் தீரக்கூடியது என்பதையும் நான் பல ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தில்தான் படித்தேன்.

இது ஒரு குடும்பத்தின் கதையாக நின்றுவிடவில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியோரும் மனச்சிதைவு நோயோடு, மணவாழ்க்கை முறிந்து வாழும் பெண்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் சந்தித்து எழுதிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. பலரும் சட்டப்படி விவாகரத்து ஆகாமலே கைவிடப்பட்டிருந்தார்கள். கணவன் என்றாவது வருவான் என்று தாலியோடு காத்திருந்தவர்கள் அதில் உண்டு. மனநோயின் இழுக்கைவிடக் கணவனைப் பிரிந்தவள் என்ற இழுக்கே அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் அதிகம் வாட்டியது. தங்களுக்குப் பிறகு மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே வயதான பெற்றோரின் கவலையாக இருந்தது. இந்து திருமணச் சட்டம் மனநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கிறது. அந்த வழியைக்கூடத் தேடாமல், ஒரு பேருந்துச் சீட்டில் மனைவியைத் திருப்பி அனுப்பிவிட முடிகிறது என்பதுதான் எழுதாத ஒப்பந்தத்தின் பலம்.

மூன்றாவது ஒப்பந்தம் கோயிலோடும் தர்காவோடும். புதுக்கோட்டைக்காரர்கள் வடக்கே காவிரிக் கரையின் குணசீலத்துக்குப் போவார்கள். 48 நாள் தங்குவார்கள். தெற்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் வழியாகக் கடற்கரைச் சாலையில் இறங்கி ஏர்வாடிக்குப் போவார்கள். இந்த நம்பிக்கையை ஏளனம் செய்கிற வசதி எனக்கு இல்லை. மருத்துவர் இல்லாத ஊரில், சாமி வந்து ஆடுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டுமே மாமியாரையும் கணவனையும் பெயர் சொல்லித் திட்ட முடிந்த பெண்கள் இருந்தார்கள். ஆனால் தலத்தைச் சுற்றி முளைத்த ‘மனநல இல்லங்கள்’ வேறு. மாதப் பணம் கொடுத்து ஒப்படைத்துவிட்டு வருகிற இடங்கள் அவை.

28 பேர்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் அப்படியோர் இல்லத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். ஓடத் தெரியாததால் யாரும் சாகவில்லை, கால்கள் கட்டப்பட்டிருந்தன. ஒரு வாரத்தில் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டு, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அந்தச் சங்கிலியை யார் பூட்டியது என்று கேட்டால் இல்லக்காரரைக் காட்டுவோம். ஆனால் அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஓர் ஒப்புதல் இருந்தது. குடும்பம் ஒத்துக்கொண்டது; ஊர் பார்த்துக்கொண்டிருந்தது; உரிமம் கேட்க வேண்டிய அரசு கேட்கவில்லை. மூன்று தரப்பும் பேசாமலே செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

தீக்குப் பிறகே எழுதப்பட்ட ஏற்பாடுகள் வந்தன. குணசீலத்தில் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் மனநல மருத்துவரின் வருகையும் அமைந்தன. ஏர்வாடியில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கும் ‘தவா துவா’ திட்டம் வந்தது. குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் முன்பே முயன்று பார்த்த முறை அது. தொழுகையை நிறுத்தச் சொல்லாமல், தொழுதுவிட்டுப் பக்கத்து அறையில் மருத்துவரையும் பாருங்கள் என்று சொல்வது. கறாரான பகுத்தறிவுக்கு இது சமரசமாகத் தெரியலாம். சங்கிலியில் இருந்த ஒரு பெண்ணுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியிலிருந்து பார்த்தால் இது நல்ல ஒப்பந்தம்.

பேருந்தும் மீட்பு மையமும்

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன் 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். ஓய்வுபெற்ற பின் 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவமனையிலிருந்து வெளியே போகிறவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதுதான் அதற்கு அடிப்படையான கேள்வி. அந்த நிறுவனம்தான் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தைக் கொண்டுவந்தது. டாடா அறக்கட்டளையின் நிதியில் ஓடியது. உள்ளே ஓர் ஆலோசனை அறை, ஒரு மருந்தகம். நோயாளி திரைக்கு முன் உட்கார்ந்தால் சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். எழுதித் தரும் மாத்திரையைப் பேருந்திலேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். உள்ளூரிலிருந்து பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டறிந்தார்கள்.

என் மாணவி ஒருத்தி மாதத்துக்கு ஒரு நாள் விடுப்புக் கேட்பாள். ஒருமுறை காரணம் கேட்டபோது, “அம்மாவுக்கு மாத்திரை குடுக்கிற பஸ் வரும்மா. நான் கூட இல்லைன்னா அது ஏறாது” என்றாள். அக்கம்பக்கத்தில் அது பிபி மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தாள். அவள் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். ஒரு மாவட்டத்துக்கு வந்த திட்டம் என்று நாம் எழுதுவது, ஒரு வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்துப் படியேறுவதாக இருந்தது. பராமரிப்பு என்று ஒப்பந்தங்களில் வரும் சொல்லுக்குப் பின்னால் கூலியில்லாமல் உழைக்கிற ஒரு மகளோ தாயோ தங்கையோ இருக்கிறாள். அவள் இழந்த வகுப்புகளுக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் கட்டம் கிடையாது.

தெருவில் அலையும் பெண்களின் கதை வேறு. 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் கிடந்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள எந்த இடமும் முன்வராத அனுபவத்திலிருந்து பிறந்தது அது. அந்த அமைப்பு வளர்த்தெடுத்த மீட்பு மைய முறையைத் தமிழ்நாடு அரசு தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது. 2018இல் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் புதுக்கோட்டையும் ஒன்று. அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் என்று பெயர். கட்டடமும் மருந்தும் மனநல மருத்துவரும் அரசு தரப்பு. அன்றாடப் பராமரிப்பும் பணியாளர்களும் குடும்பத்தைத் தேடுவதும் தொண்டு நிறுவனத்தின் தரப்பு. இரண்டையும் பிணைப்பது புரிந்துணர்வு ஒப்பந்தம்.

இந்த ஏற்பாட்டின் நன்மை கண்கூடானது. சாலையோரம் கிடந்த பெண் குளித்து, தலைவாரி, மருந்து சாப்பிட்டு, ஒரு நாள் தன் ஊர்ப் பெயரைச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் சிக்கல். ஊரைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் அழைத்தால், ஆண் நோயாளிக்குத் தாயோ மனைவியோ ஓடி வருவது வழக்கம். பெண்ணை அழைத்துப்போகக் கணவன் வருவது அரிது. பத்து ஆண்டுகளில் அவள் இடத்தில் வேறொருத்தி வந்திருப்பாள். நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருப்பவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் அப்படித் தங்கியிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நோய் குணமாகி, போக இடமில்லாமல் உள்ளே இருப்பவர்களும் அதில் அடக்கம்.

‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் பான்யன் 2015 முதல் செய்துவருவதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். நான்கைந்து பெண்கள் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள். கணவன் வீடும் பிறந்த வீடும் தவிர மூன்றாவதாக ஒரு வீடு பெண்ணுக்கு இருக்க முடியும் என்பதை ஒரு வாடகை ஒப்பந்தம் நிரூபித்துவிடுகிறது.

கல்லூரியில் ஒரு கோப்பு

நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் மனநல ஆலோசனைக்காக ஒப்பந்தம் போட்டார்கள். பொன்னாடை, நீலநிறக் கோப்பு, கைகுலுக்கும் படம் எல்லாம் இருந்தன. தரமதிப்பீட்டுக் குழுவான நாக், நடைமுறையில் உள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கேட்கும், அதற்காகப் போட்டது. ஆலோசகர் இரண்டு முறை வந்து அரங்கத்தில் நேர்மறைச் சிந்தனை பற்றிப் பேசினார். மூன்றாம் முறை வரவில்லை. ஆனால் அந்தக் கோப்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது.

மாணவிகளோ அரங்கத்தில் பேசுவதில்லை. மாலையில் துறை காலியான பிறகு வந்து, “அம்மா, அஞ்சு நிமிஷம்” என்பார்கள். தூக்கமில்லை என்பதில் தொடங்கி, பேசப் பேசச் சாதி, காதல், மாமன் வீட்டுத் தொல்லை, கல்விக்கடன் என்று விரியும். அவர்களுக்கு முதல் பயம் நோயைப் பற்றியது அல்ல. “வீட்டுக்குச் சொல்லிருவீங்களா?” என்பதுதான். சொன்னால் படிப்பு நிற்கும், கல்யாணப் பேச்சு தொடங்கும். ஒரு கல்லூரி போடும் ஒப்பந்தத்தில் ரகசியம் காப்பது பற்றி ஒரு வரி இல்லையென்றால் மாணவிக்கு அது பயன்படாது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் கல்வி நிறுவனங்களுக்கு நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். நீதிமன்றம் கேட்பது வேலை செய்கிற ஏற்பாட்டை. நம் அலுவலகங்கள் கோப்பை மட்டும் தயார்செய்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது மாணவிகளும் ஆசிரியைகளும் செய்ய வேண்டிய வேலை. இரவில் பேச ஆளில்லாதபோது 14416 என்ற இலவச எண் இருக்கிறது. அந்த எண்ணை விடுதிச் சுவரில் எழுதி வைக்க எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

வெள்ளைத்தாள்

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பெண்களுக்குத் தெரிய வேண்டிய சட்டம். சங்கிலியிடுவதை அது தடை செய்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதைத் தடை செய்கிறது. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்திலிருந்த, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பெண்களுக்கு மாதவிடாயைச் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லிக் கருப்பையை நீக்கியபோது பெண்ணிய அமைப்புகள் எழுப்பிய குரலோடு சேர்த்து இதைப் படிக்க வேண்டும். மாதவிடாய் நாட்களுக்குத் தேவையானவற்றைத் தர வேண்டும் என்றும், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றும் இன்றைய சட்டம் சொல்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது. அலைந்து திரியும் மனநோயாளியைக் காவல்துறை லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது. அதைத் தகுதியுள்ள நீதிமன்றமே சொல்ல வேண்டும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு ஏற்பாடுகள். தனக்கு மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்பதை வயதுவந்த எவரும் முன்னதாகவே எழுதி வைக்கலாம். தன் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். அந்தப் பிரதிநிதி கணவனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோழியாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம். அந்த நியமனத்துக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும் என்கிறது சட்டம். புரசைவாக்கத்துக் குத்தகை தொடங்கி இத்தனை ஆண்டுகளில், பெண் தானே ஒப்பமிடுகிற தரப்பாக வரும் தாள் இது.

புதுக்கோட்டைக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் பெயரெழுதக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கு அரசு கல்குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. கல் உடைத்தவளே குத்தகைதாரர் ஆனாள். மலையைக் குத்தகைக்கு எடுத்துக் கணக்குப் பார்த்தவர்களின் மகள்களும் பேத்திகளும்தான் இன்று எங்கள் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, மனநலம் பற்றிய எந்த ஒப்பந்தம் நம் ஊருக்கு, கல்லூரிக்கு, குழுவுக்கு வந்தாலும் சில கேள்விகளைக் கேட்கலாம். காலம் முடிந்து நிதி நின்றால் மாத்திரை யார் தருவார்கள்? புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம்? மீண்டு வந்தவர்களில் ஒருவராவது கண்காணிப்புக் குழுவில் இருக்கிறாரா? வீட்டில் பார்த்துக்கொள்கிறவளுக்கு என்ன உதவி? குடும்பம் வேண்டாம் என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? பதில் தமிழில், எழுத்தில் வர வேண்டும்.

கூடவே நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நமக்கு முடியாமல் போனால் யார் நமக்காகப் பேச வேண்டும் என்று எழுதி வைப்பது. குழுக் கூட்டத்தில் நாலு பேராக உட்கார்ந்து எழுதலாம். எழுதத் தெரியாத அம்மாவுக்கு மகள் எழுதிப் படித்துக்காட்டலாம். கீழே அவர் கைநாட்டு வைக்கட்டும்.